சும்மா விட்ட பாத்தி

கோசாராவுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு கோடைகளாக அவளுடைய வேலை புழு எண்ணுவது. யாவோர்தோல் ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் யாருமில்லை.

"இன்னைக்கு எத்தனை பேர் ஆஜர்?" என்று பால் வண்டிக்காரன் சாலையிலிருந்தே கத்துவான்.

"உன்னைச் சேர்க்காம இருநூத்திப் பன்னண்டு" என்பாள் கோசாரா, தலையைத் தூக்காமல்.

அவள் வாய் சிறு வயதிலேயே அப்படி. பத்தொன்பது வயதில் அரிலியேவில், ராஸ்பெரிப் பழங்களை உறைய வைக்கும் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பூசணம் பிடித்த பழங்களைப் பெட்டியின் அடியில் போடச் சொன்னார் மேஸ்திரி. "உங்க வீட்டுப் பிள்ளைக்கு இதை ஊட்டுவீங்களா?" என்று கேட்டாள். அன்று மாலையே வேலை போயிற்று. அதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் அவ்வப்போது வரும். அன்று தான் வாய் திறந்தது பழத்துக்காகவா, மேஸ்திரியின் மூஞ்சி பிடிக்காததாலா? இன்றுவரை அவளால் அதற்கு நேராகப் பதில் சொல்ல முடிந்ததில்லை.

அடுத்த ஆண்டு ராதிஷாவைக் கட்டிக்கொண்டு இந்த மலையூருக்கு வந்தாள். இங்கே உருளைக்கிழங்குதான் எல்லாம். ராதிஷா பத்து ஆண்டுகளாக ஸ்லோவேனியாவில் லாரி ஓட்டுகிறான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து தூங்கிவிட்டுப் போவான். நிலம் கோசாராவின் தலையில் விழுந்தது. அதோடு வண்டும் விழுந்தது.

மஞ்சள் முதுகில் பத்துக் கறுப்புக் கோடுகள். அந்த ஊரார் அதைப் பொன்னி என்று பொருள்படும் பெயரால்தான் கூப்பிடுவார்கள். இவ்வளவு அழகான பெயரை இவ்வளவு வசவோடு சேர்த்துச் சொல்லும் ஊர் வேறெங்கும் இருக்காது. வண்டைவிட அதன் புழுதான் எமன். செங்கல் நிறத்தில், பிசுபிசுவென்று, நான்கே நாளில் ஒரு செடியை வெறும் குச்சியாக்கிவிடும். கடையில் வந்த மருந்துகளையெல்லாம் யாவோர்தோல் அடித்துப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோடைதான் வண்டு கட்டுப்பட்டது. மூன்றாவதில் வண்டுக்குப் பழகிப்போனது. ஒரு தடவை ராதிஷா மூன்று மருந்துகளை ஒரே டிரம்மில் கலந்து அடித்தான். கோசாராவின் கைகள் முழங்கை வரை கொப்பளித்தன. மறுநாள் காலை வண்டுகள் அதே இலைகளின் மேல் உலாவிக்கொண்டிருந்தன.

அதனால்தான், நெவேனா என்ற பெண் நிலம் தேடி ஊருக்கு வந்தபோது, எல்லோரும் கையை விரித்த பிறகு, கோசாரா மட்டும் சாலையோரத் துண்டைக் காட்டினாள்.

நெவேனாவுக்கு இருபத்தேழு வயது. க்ராலியெவோவில் டயர் ஒட்டுகிறவரின் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இப்போது தலைநகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. அவள் கொண்டுவந்த குப்பிகளில் இருந்தது விஷமில்லை என்றாள். ஆர்.என்.ஏ. என்றாள். கோசாரா எட்டாம் வகுப்போடு நின்றவள். மூன்று முறை கேட்டு, நான்காம் முறை தானே திருப்பிச் சொல்லிப் பார்த்து, பிறகுதான் தலையாட்டினாள்.

கடை வாசல் பெஞ்சில் ஊரார் மடக்கியபோது கோசாரா சொன்ன விளக்கம் இது:

"வண்டோட உடம்புக்குள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு போகுது. இதைச் செய், அதைச் செய்யுன்னு. ஒரே ஒரு வேலை நின்னா போதும், அது தீனி எடுக்க முடியாம செத்துப்போகும். நாம இலை மேல தெளிக்கிறதை அது தின்னா, அந்தச் சீட்டை மட்டும் உள்ளயே கிழிச்சுப் போட்டுடும்."

"அதாவது தபாலை நடுவுல மறிச்சுக் கிழிக்கிறது" என்றார் மிலிசாவ். நாற்பது ஆண்டுகள் இந்த மலைகளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர்; ஊருக்கு வாழ வந்த எல்லோரும் அவருக்கு மருமகள்தான். "மருமகளே, எங்க காலத்துல இதுக்கு ஜெயில்."

"இது வண்டோட தபால், மாமா. தேனீக்கு இந்த விலாசம் கிடையாது. பொறிவண்டுக்கும் கிடையாது. நமக்கும் கிடையாது."

"அந்தக் களிமண் எதுக்கு? சேத்தைக் கரைச்சு அடிக்கிறாளாமே அந்தப் பொண்ணு?"

"வெறும் ஆர்.என்.ஏ. வெயில்ல ரெண்டு நாள் தாங்காது. மழை பெஞ்சா ஓடிடும். அதனால களிமண் தகட்டுக்கு நடுவுல வச்சுக் கொடுக்கிறாங்க. கிபானிட்ஸாவுல மாவு ஏட்டுக்கு நடுவுல பாலாடைக்கட்டி இருக்கில்ல, அந்த மாதிரி. தகடு அவ்வளவு சின்னது, உன் தலைமுடியைப் பல ஆயிரமாக் கூறு போட்டாத்தான் அந்த அளவு வரும்."

"அவர் தலையிலதான் ஒண்ணுகூட இல்லையே" என்றாள் சகோர்கா. கோசாராவின் கொழுந்தன் மனைவி, பக்கத்து நிலத்துக்காரி. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அன்று அத்தோடு போயிற்று.

முதல் கோடையில் சோதனை நன்றாகத்தான் நடந்தது; ஆலங்கட்டி மழை வந்து எல்லாவற்றையும் நசுக்கும் வரை. இரண்டாம் கோடைக்கு நெவேனா வந்தபோதே சொல்லிவிட்டாள்: "இந்த வருஷமும் கணக்கு தேறலைன்னா பேராசிரியர் மூடிடுவார் அக்கா. மூணாவது வருஷம் கிடையாது." ஊரில் வேறு மருந்து மிச்சமில்லை என்பது கோசாராவுக்குத் தெரியும். பொறுங்கள், வருகிறது என்று இரண்டு ஆண்டுகளாக வீடு வீடாகச் சொன்னவளும் அவள்தான்.

சாலையோரத் துண்டைப் பதினாறு பாத்திகளாகப் பிரித்தார்கள். நாலில் கடை மருந்து. நாலில் வெறும் ஆர்.என்.ஏ. நாலில் களிமண்ணில் ஏற்றியது. மீதி நாலில் எதுவுமில்லை, தண்ணீர் மட்டும். கோசாரா அவற்றைச் சும்மா விட்ட பாத்தி என்றாள். அந்தப் பெயர் நின்றுவிட்டது. திங்களும் வியாழனும் ஒவ்வொரு பாத்தியிலும் பத்துச் செடி எண்ண வேண்டும். சும்மா விட்டதில் புழு பெருகி, தெளித்ததில் குறைந்தால்தான் தெளித்ததற்கு மதிப்பு. எங்குமே புழு இல்லையென்றால் அந்த ஆண்டு வண்டே வரவில்லை என்றுகூட யாராவது சொல்லலாம்.

தாளில் கோடு கிழிப்பது எளிது. அந்த நாலு பாத்தியையும் சாலையில் போகிறவர்கள் பார்க்கும்படி விட்டு வைப்பதுதான் கஷ்டம். யாவோர்தோலில் ஒரு வீட்டுக் கிழங்குச் செடியில் வண்டு மேய்கிறது என்றால், அந்த வீட்டில் யாரோ சாகக் கிடக்கிறார்கள், அல்லது குடித்துக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜூலை ஏழாம் தேதி, இவான்தான் திருநாள். கதவுகளில் மஞ்சள் பூ மாலைகள் தொங்கின. கோசாரா விடியற்காலைப் பேருந்தில் அரிலியேவுக்கு, அண்ணன் வீட்டு விருந்துக்குப் போனாள். களிமண் தெளித்து மூன்றாவது நாள் அது. தெளித்த பாத்திகளிலும் புழுக்கள் இன்னும் செடியில்தான் இருந்தன. இந்த மருந்து பட்டதும் எதுவும் துள்ளி விழாது. புழு முதலில் தின்பதை நிறுத்தும், சுருங்கும், ஐந்தாறு நாளில் உதிரும். கோசாராவுக்கு அது தெரியும். சாலையில் போகிறவர்களுக்குத் தெரியாது.

மாலை நான்கு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கினாள். அவள் வீட்டு முற்றத்தில் இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் வெயில், புழுதி, ஒரு பெருமை. வேலியோரம் வரிசையாகத் தகர டப்பாக்கள். அவற்றில் டீசலில் மிதந்தன, பதினாறு பாத்திகளின் புழுக்களும்.

"வா மருமகளே" என்று எழுந்தார் மிலிசாவ். "புருஷன் ஊர்ல இல்ல. நீயும் வாய் விட்டுக் கேக்கிற ரகமில்ல. அதான் மோபா கூட்டினேன். மூணு மணி நேரம். ஒரு செடி விடல."

அந்த ஊரில் மோபா என்றால், கஷ்டத்தில் இருப்பவர் நிலத்தில் எல்லோரும் சேர்ந்து இறங்கிக் கூலியில்லாமல் முடித்துக் கொடுப்பது. திருநாளில் தன் நிலத்தில் கை வைத்தால் பாவம். அடுத்தவர் நிலத்தில் உதவிக்குப் போனால் பாவமில்லை. அதனால் அன்று ஊரே கை ஒழிந்து இருந்தது. கோசாராவைவிடப் பொருத்தமான ஆள் அவர்களுக்கு வேறு யார்?

அவள் டப்பாக்களைப் பார்த்தாள். மோபாவுக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பிய வீடு அந்த மலையில் கிடையாது. கைப்பையை ஆணியில் மாட்டினாள். அடுப்பை மூட்டினாள். புகையிட்ட இறைச்சியை வெட்டினாள், முப்பத்தைந்து முட்டை உடைத்தாள், இருந்த கைமாக் பாலேடு முழுவதையும் தட்டில் கவிழ்த்தாள், பிளம் சாராயத்தை எடுத்து வைத்தாள். கூடமாட உதவ வந்த சகோர்கா, இவள் வெங்காயத்தை நறுக்கும் வேகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

எல்லோரும் சாப்பிட்டு, வாழ்த்திக் குடித்து, ஏப்பம் விட்ட பிறகு கோசாரா முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"சாப்பிட்டாச்சா எல்லாரும்?"

"ஆச்சு, ஆச்சு. உன் கை நல்லாயிருக்கட்டும்."

"இப்ப சொல்றேன். ரெண்டு வருஷ வேலையை மூணு மணி நேரத்துல முடிச்சு வச்சுட்டீங்க."

மிலிசாவ் கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"அந்தப் புழு அங்க இருக்கணும். அது தின்னணும். அது தின்னாத்தான் மத்ததுல தின்னலைன்னு காட்ட முடியும். எத்தனை தடவை சொன்னேன்?"

"நீ சொன்னே" என்றாள் சகோர்கா. "நாங்க நினைச்சோம், வெக்கத்துல சும்மா சொல்றேன்னு."

"நாசமாப் போகட்டும் உங்க வெக்கம்!"

"ஏய், அன்பா வந்தவங்களை..." என்று ஒருவர் எழுந்தார்.

"அன்புதான். அதான் சோறு போட்டேன். திட்டும் சேர்த்து வாங்கிட்டுப் போங்க."

அவர்கள் போன பிறகு டப்பாக்களை வரிசையாகப் பார்த்தாள். இருபத்து மூன்று பேரில் ஒருவர்கூடக் கெட்டவரில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவன் செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

மறுநாள் நெவேனா வந்தாள். பாத்தி பாத்தியாக நடந்தாள். கடைசியில் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய தொலைபேசி அடித்தது. பேராசிரியர் ஒப்ராத். பேசி முடித்து வந்தவள் கோசாராவின் கண்ணைப் பார்க்கவில்லை.

"ஒரு வழி இருக்குன்னு சொல்றார், அக்கா. வியாழக்கிழமை எண்ணின எண்ணிக்கை இருக்கில்ல? புழு என்ன வேகத்துல பெருகும்னு நமக்குத் தெரியும். அதை வச்சு அடுத்த மூணு எண்ணிக்கையை மதிப்பிட்டு நிரப்பிடலாமாம். எல்லாரும் எப்பவாச்சும் செய்யறதுதானாம்."

"நிரப்பறதுன்னா?"

"எழுதறது."

"எண்ணாததையா?"

நெவேனா எண்ணிக்கைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள்.

தாளின் அடியில் 'எண்ணியவர்' என்று ஒரு கோடு இருந்தது. ஒவ்வொரு தாளிலும் அந்தக் கோட்டின் மேல் கோசாராவின் கையெழுத்து. கோணல் எழுத்துதான்; ஆனால் அதற்கு மேலே இருந்த எண்கள் எல்லாம் அவள் முழங்கால் மண்ணில் பதிந்து எண்ணியவை.

"நான் எழுத மாட்டேன்" என்றாள். "உங்க பேராசிரியர் வந்து குந்தி உக்காந்து, இல்லாத புழுவை எண்ணி, அவர் பேரை எழுதட்டும்."

"உங்களுக்கென்ன அக்கா!" நெவேனாவின் குரல் உடைந்தது. "சோதனை போனா நீங்க உங்க நிலத்துக்குப் போயிடுவீங்க. நான் எங்க போவேன்? அப்பா டயர் ஒட்டின காசுல படிச்சிருக்கேன். என் பொண்ணு விஞ்ஞானின்னு கடையில போட்டோ மாட்டி வச்சிருக்கார்."

"அப்ப அந்தப் போட்டோவுக்குக் கீழே எந்தக் கணக்கை எழுதப் போறே?"

நெவேனா எழுந்து காரில் ஏறிப் போய்விட்டாள். கோசாரா அந்த வாரத் தாளை எடுத்து, பதினாறு கட்டங்களிலும் ஒரே கோடாகக் கிழித்து, கீழே எழுதினாள்: 'ஊரார் பொறுக்கிவிட்டார்கள். எண்ண எதுவுமில்லை.' கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு, கிடங்கு மேஸ்திரியின் முகம் நினைவுக்கு வந்தது. இப்போதும் வாய்த் திமிர்தானா? ஒரு பெண்ணின் பிழைப்பில் விளையாடுகிறோமா? அன்று முழுவதும் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்துகொண்டே அதை யோசித்தாள். யோசித்ததில் ஒன்று மட்டும் தெளிவானது: திமிர் என்றால் அதற்கான விலையைத் தான் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால், அதே சாலையின் மேல் வளைவில், அவளுடைய சொந்தக் கிழங்கு இருந்தது. குளிர்காலத்துக்கு வீட்டுக்கும் விற்பனைக்கும் என்று ஜூன் மாதம் தாமதமாக நட்டது. இதுவரை கையால் பொறுக்கிக் காப்பாற்றி வந்தாள். ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை வண்டு வரும்போது அது பச்சையாக நிற்கும். மறுநாள் காலை நெவேனாவை அழைத்தாள்.

"அந்தக் குப்பியில ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"உறைபெட்டியில பாதி இருக்கு. சின்னச் சின்னப் பாத்தின்னா ஆறுக்கு வரும்."

"ஒன்பது பாத்தி போடு. மூணு வெறும் ஆர்.என்.ஏ. மூணு களிமண். மூணு சும்மா. என் கிழங்குல."

"அக்கா, சும்மா விடற மூணும் உங்களுக்கு மிஞ்சாது."

"தெரியும். நீ வா."

இந்தச் செய்தி கடை வாசல் பெஞ்சுக்கு வந்ததும் சிரிப்பில்லை, கோபம்தான். சகோர்கா நேரே வேலியடிக்கு வந்தாள்.

"ஏண்டி, உன் பாத்தியில வண்டை வளர்த்து என் நிலத்துக்கு அனுப்பப் போறியா?"

இது நியாயமான கேள்வி. கோசாராவும் அதை நினைத்திருந்தாள். ஒன்பது பாத்திகளையும் சேர்த்துச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, உள்ளே வழவழப்பான கறுப்புப் பிளாஸ்டிக் விரித்தாள். நடந்து போகும் வண்டும் புழுவும் அதில் விழுந்தால் ஏற முடியாது. நான்கு நாட்கள் தனியாக வெட்டினாள். யாரும் உதவிக்கு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. தினமும் காலையில் பள்ளத்தில் விழுந்ததை அள்ளி அழித்தாள்.

"பறந்து வந்தா?" என்று மறுபடி கேட்டாள் சகோர்கா.

"பறந்து வர்றதை நான் உன் நிலத்துல வந்து பொறுக்கித் தர்றேன். தினமும். வேற என்ன வேணும்?"

அப்படியே செய்தாள். காலையில் தன் பள்ளம், பிறகு சகோர்காவின் எட்டு வரிசைகள். சகோர்கா திண்டாடிப்போனாள், தன் நிலத்தில் இன்னொருத்தி பொறுக்க, தான் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி? மூன்றாம் நாள் அவளும் ஒரு டப்பாவோடு வந்து குனிந்தாள்.

ராதிஷா தொலைபேசியில் கத்தினான். "எங்கப்பன் வச்ச நிலம் அது! ஊர்க்காரன் எனக்கு போட்டோ அனுப்பறான், உன் வீட்டுச் செடியைப் பாருன்னு!"

"உங்கப்பன் மட்டும் வண்டைக் கொன்னாரா? நீ மூணு மருந்தைக் கலந்தியே, நீ கொன்னியா? அந்தப் போட்டோவைப் பத்திரமா வை. எந்தத் தேதின்னு குறிச்சு வை. எனக்கு உதவும்."

ஆகஸ்ட் எட்டாம் தேதி நெவேனா வந்து தெளித்தாள். எந்தப் பாத்தியில் எது என்று கோசாராவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று கோசாராதான் கேட்டாள். ஒரு வாரத்தில் அது தானாகத் தெரிந்துவிட்டது. சில பாத்திகளில் புழுக்கள் இலை நுனியில் அசையாமல் உட்கார்ந்து, வற்றிய திராட்சைபோல் சுருங்கின. மூன்றில் மட்டும் தின்னும் சத்தமே கேட்பதுபோல் இருந்தது. தெரிந்த பிறகு கோசாராவுக்கு வேறு பயம் வந்தது. நல்லதாக வரவேண்டும் என்று விரும்பும் பாத்தியில் கண் குறைத்து எண்ணுமா? எண்ணுமென்றே தோன்றியது. அதனால் பச்சையாக நின்ற பாத்திகளை மட்டும் இரண்டு முறை எண்ணினாள். எது அதிகமோ அதை எழுதினாள்.

குச்சா ஊர்த் திருவிழாவின் எக்காள ஓசை காற்றில் மிதந்து வந்த வாரத்தில் பெருமழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மழை நின்றதும் எண்ணினாள். வெறும் ஆர்.என்.ஏ. பாத்திகளில் புதிதாய்ப் பொரித்த புழுக்கள் ஏறத் தொடங்கியிருந்தன. அடுத்த வாரம் இலைகள் சல்லடையாயின. களிமண் பாத்திகளில் மூன்றில் இரண்டு அப்படியே நின்றன. ஒன்றில் பள்ளமான ஒரு மூலை மட்டும் தின்னப்பட்டிருந்தது. அதையும் எழுதினாள். ஏன் என்று நெவேனாவுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினாள்.

சும்மா விட்ட மூன்று பாத்திகளில் இலையே இல்லை. பழுப்புக் குச்சிகள் வானத்தைப் பார்த்து நின்றன. சாலையில் போகிறவர்கள் வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிற வழியில் மிலிசாவ் வேலியைப் பிடித்தபடி நின்றார்.

"மருமகளே, எனக்குக் கை அரிக்குது."

"பையில விட்டுக்க மாமா."

"ஒரே ஒரு செடி. அந்த ஓரத்துல இருக்கிறது. பாவமா இருக்கு."

"அதைத் தொட்டீன்னா உன் தபாலை நான் மறிப்பேன்."

அவர் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டார். போகவில்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவன் வேலியருகே இறங்கினான். "டேய், தள்ளி நில்லு! இதைத் தொடக்கூடாது, எண்ணறாங்க!" என்று மிலிசாவே கத்தினார்.

இருபத்தெட்டாம் தேதி பேராசிரியர் ஒப்ராத் வந்தார். வெளுத்த தொப்பி, சுத்தமான காலணி. தாள்களைக் காரின் மேல் பரப்பி நெடுநேரம் பார்த்தார். நெவேனா ஒரு பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வேலிக்கு அப்பால் பாதி ஊர், ஏதோ வேலையாக வந்ததுபோல், நின்றிருந்தது.

"அம்மா, கோபிச்சுக்கக் கூடாது" என்றார் பேராசிரியர். "ஜூலைத் தாளெல்லாம் வெறும் கோடு. இது ஆகஸ்ட்ல அவசரமாப் போட்ட சோதனை. நிலம் உங்களோடது, எண்ணினதும் நீங்க. எங்க குழுவுல கேப்பாங்க: இந்த எண்ணை எப்படி நம்பறதுன்னு."

"ஜூலையில நீங்க சொன்ன மாதிரி எழுதியிருந்தா நம்பியிருப்பாங்களா?"

பேராசிரியரின் காது சிவந்தது. நெவேனா தரையைப் பார்த்தாள். ஆனால் அடுத்த கணம் நிமிர்ந்து, "அவங்க எழுத மறுத்ததாலதான் சார் நான் இங்க நிக்கிறேன்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பது குரலில் தெரிந்தது.

"நம்ப வேண்டாம்" என்றாள் கோசாரா. "எண்ணுங்க. ரெண்டு பாத்தி, பாத்திக்குப் பத்துச் செடி. எது வேணும்னாலும் நீங்களே எடுங்க. காலையில நான் எண்ணின தாள் நெவேனாகிட்ட மடிச்சு இருக்கு."

அவர் ஒரு பச்சைப் பாத்தியைத்தான் முதலில் எண்ணினார், பிறகு வெறும் ஆர்.என்.ஏ. பாத்தி ஒன்றை. சுத்தமான காலணி மண்ணில் புதைந்தது. முழங்கால் மடக்கி உட்காரத் தெரியவில்லை. மூன்றாம் செடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார், ஏழாம் செடியில் முழங்காலே போட்டுவிட்டார். வேலியில் யாரும் சிரிக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"பச்சையில மூணு. இதுல நூத்தி எழுபத்தொண்ணு" என்றார்.

நெவேனா தாளைப் பிரித்தாள். "மூணு. நூத்தி எழுபத்தாறு."

"அஞ்சு கூட எழுதியிருக்கீங்க அம்மா."

"அஞ்சு நீங்க விட்டுட்டீங்க. ஆறாவது செடியில, தண்டு பிரியற இடத்துல, மண்ணோட மண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கும். சின்னது. போய்ப் பாருங்க."

அவர் போனார். மறுபடி முழங்கால் போட்டார். நிமிரும்போது முகத்தில் வேர்வையும், கன்னத்தில் ஒரு மண் கோடும் இருந்தன. பையிலிருந்து பேனா எடுத்து, தாளில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். நூற்று எழுபத்தாறின் கீழேதான் எழுதினார்.

"அடுத்த வருஷம் இதே ஊர்லதான்" என்று நெவேனாவிடம் சொல்லிவிட்டு, கோசாராவிடம் திரும்பினார். "எண்ணறதுக்கு உங்களையே கேப்போம்."

"கேளுங்க. ஆனா தாள் இப்படியேதான் வரும். கோடு போட வேண்டியிருந்தா கோடுதான் போடுவேன்."

கார் வளைவில் மறைந்ததும் சகோர்கா வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். கையில் டப்பா. பின்னால் மிலிசாவ், அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், எல்லோரிடமும் டப்பா.

"முடிஞ்சுதில்ல? கையெழுத்துப் போட்டாச்சில்ல? இனிமேலாச்சும் இதைப் பொறுக்கலாமா? பார்க்கவே சகிக்கலை."

கோசாரா பள்ளத்தைத் தாண்டி, சும்மா விட்ட பாத்தியின் முன்னால் கைகளை அகல விரித்து நின்றாள்.

"நாளைக்கு வியாழக்கிழமை. கடைசி எண்ணிக்கை பாக்கி இருக்கு. யாரும் கை வைக்கக்கூடாது."